தொழிலாளர் சட்டம் படிப்பவர்கள் கேட்டவை

சென்னைத் தொழிலாளர் நீதிமன்றங்களில், தொழிலாளி பக்கம் மட்டும் வழக்காடுகிறேன். கேளுங்கள்.

கேள்வி: அக்கா, புதுத் தொகுப்பு வந்தாச்சே, 1947 தொழிற்தகராறு சட்டத்தை இனியும் படிக்கணுமா?

படிக்கணும். 1947 சட்டத்துக்குப் பதிலாக வந்த தொழில் உறவுகள் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது, சரி, ஆனால் வார்த்தைகளில் பாதி பழைய சட்டத்திலிருந்து வந்தவை, அவற்றுக்குப் பொருள் சொல்லும் தீர்ப்புகளும் பழையவைதான். ஒரே நோட்டில் பழசு, புதுசு என்று எதிரெதிரே எழுதிப் பாருங்கள். ரயில், மின்சாரம், தண்ணீர் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த வேலைநிறுத்த முன்னறிவிப்பு இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் வந்துவிட்டது, குறைந்தது 14 நாள்.

கேள்வி: சங்க வரலாறு ரெண்டு மார்க்தானே, விட்டுடலாமா?

விட்டால் சட்டமே புரியாது தம்பி. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, வாடியாவும் திரு.வி.க.வும் அதில் இருந்தார்கள். 1920-இல் பின்னி ஆலைத் தகராறு முற்றியபோது, தொழிலாளிகளை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று நிர்வாகம் வாடியா உள்ளிட்டோர் மீது உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கிவிட்டது. சங்கம் நடத்தினாலே வழக்கு என்றால் எவன் நடத்துவான்? அந்தக் கோபம்தான் 1921-இல் மத்திய சட்டசபையில் என்.எம். ஜோஷியின் தீர்மானமாகி 1926 தொழிற்சங்கச் சட்டத்தில் முடிந்தது. தகராறு காலத்தில் ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று சங்கத்தின் மீது சிவில் வழக்குப் போட முடியாது என்ற அதன் 18-ஆம் பிரிவு ஏன் அப்படி எழுதப்பட்டது என்று இப்போது படியுங்கள்.

கேள்வி: தொழிலாளர் நீதிமன்றத்தில் வக்கீலே வரக்கூடாதாமே?

எதிர்த்தரப்பு சம்மதமும் நீதிமன்ற அனுமதியும் வேணும், 1947 சட்டத்தில் அது 36(4)-ஆம் பிரிவு. ஆனால் வக்கீல் சங்க நிர்வாகியாகவும் இருந்தால் அந்தத் தகுதியிலேயே வரலாம் என்று 1976-இல் பாரதீப் துறைமுக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்களில் பலர் நிர்வாகிகளாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்!

கேள்வி: படிக்கும்போதே சங்கத்துக்கு என்ன செய்யலாம் தோழர்?

பேச்சு வேண்டாம், காகிதம் பாருங்கள். சம்பளச் சீட்டு, மெமோ, அதற்குக் கொடுத்த பதில் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிக் கொடுத்தாலே பெரிய உதவி. பணிநீக்க உத்தரவு வந்த தபால் உறையைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள், அதை மட்டும் விடாதீர்கள், ஏனென்றால் நேரடியாக வழக்குப் போடப் பழைய சட்டத்தில் மூன்று வருடம் இருந்தது, இப்போது இரண்டுதான். நான் ஜூனியராக இருந்தபோது ஓர் உறையைத் தொலைத்துவிட்டு, உத்தரவு எப்போது கைக்கு வந்தது என்று நிரூபிக்கப் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை.

கேள்வி: நிர்வாகத் தரப்பில் ஜூனியராகச் சேர்ந்து அப்புறம் மாறலாமா?

மாறலாம். ஆனால் எந்த கம்பெனி ஃபைலைத் தொட்டீர்களோ, அதே விஷயத்தில் அந்த கம்பெனிக்கு எதிராக நிற்க முடியாது.