பழைய சி.என்.ஜி. கார் வாங்குகிறவர்களுக்கு: கேள்வி பதில்

சி.என்.ஜி. (அழுத்தி அடைத்த இயற்கை வாயு) கார்களைப் பழுது பார்ப்பது என் தொழில். பழைய கார் வாங்கப் போகிறவர்களும் வாங்கிவிட்டவர்களும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

சேலம்: 2019 வேகன்ஆர், கம்பெனியே பொருத்திய சி.என்.ஜி. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாங்கலாமா அண்ணா?

ஓடிய தூரத்தைக் கண்டு பயப்படாதீர்கள் தம்பி. முதலில் சிலிண்டரைப் பாருங்கள். நிரப்பும்போது அதற்குள் 200 பார் அழுத்தம் இருக்கும். கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய தொண்ணூறு மடங்கு. அதனால்தான் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (சிலிண்டரில் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றிச் சோதிப்பது) கட்டாயம். 2019 கார் என்றால் இந்நேரம் ஒரு முறையாவது சோதனை முடிந்திருக்க வேண்டும். டிக்கி விரிப்பை எடுத்துவிட்டு, டார்ச் அடித்து, சிலிண்டரில் பொறித்த எண்ணைச் சோதனைச் சான்றிதழோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். என்னிடம் வந்த ஒரு காரில் கடைசி இரண்டு இலக்கங்கள் வேறாக இருந்தன. அது வேறொரு சிலிண்டருக்கு வாங்கிய சான்றிதழ்! குடும்பத்தோடு பயணம் போகிற காரில் இப்படிச் செய்ய எப்படித்தான் மனம் வருகிறதோ.

சிலிண்டரைப் பிடித்திருக்கும் பட்டைகளுக்கு அடியிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் தங்குவது அங்கேதான்.

கோவை: பெட்ரோலில் நன்றாகப் போகிறது. சி.என்.ஜி.க்கு மாறியதும் மேட்டில் வெட்டி வெட்டி இழுக்கிறது. இன்ஜெக்டரை (இஞ்சினுக்குள் வாயுவைச் செலுத்தும் பாகம்) மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

அவசரப்படாதீர்கள். ஸ்பார்க் பிளக்கிலிருந்து தொடங்குங்கள். இந்த வாயுவைப் பற்றவைக்க பெட்ரோலைவிட அதிக மின்னழுத்தம் வேண்டும். தேய்ந்த பிளக் பெட்ரோலில் சமாளித்துவிடும், வாயுவில் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தது பிளக்குக்கு மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில். அதற்கும் அடுத்தது வாயு ஃபில்டர். பங்க்கில் உள்ள கம்ப்ரசரிலிருந்து எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவோடு வந்து அதில் படியும். கழற்றினால் கறுத்த பிசுக்கு விரலில் ஒட்டும். இந்த மூன்றையும் சரிபார்த்த பிறகும் குறை தீரவில்லை என்றால் மட்டும் இன்ஜெக்டருக்குப் பணம் செலவழியுங்கள்.

மதுரை: வெளியில் சி.என்.ஜி. கிட் பொருத்திய கார். நிற்கும்போது இஞ்சின் குலுங்குகிறது. வால்வு போய்விட்டது என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

நம்பலாம், ஆனால் அளந்து காட்டச் சொல்லுங்கள். பெட்ரோல் துளிகள் வால்வைக் குளிர வைக்கும். உலர்ந்த வாயுவில் அந்த உதவி இல்லை. வால்வு உட்காரும் வளையம் தேய்ந்து, வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விட்ட இடைவெளி சுருங்கி, ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடாமல் கருகத் தொடங்கும். கம்ப்ரஷன் டெஸ்ட் (இஞ்சினுக்குள் அழுத்தத்தை அளப்பது) எடுத்தால் இஞ்சினின் எந்தச் சிலிண்டர் தளர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இதைத் தொடக்கத்திலேயே கண்டால் இடைவெளியைச் சரிசெய்வதோடு போகும். விட்டுவிட்டால் இஞ்சினின் மேல்பாகமான ஹெட்டையே இறக்க வேண்டிவரும். கார் வாங்கும் முன்பே இந்தச் சோதனையைச் செய்திருந்தால் பேரம் உங்கள் கையில் இருந்திருக்கும்.

விழுப்புரம்: வாயு நிரப்பிவிட்டுச் சாவியைத் திருகினால் சில நாட்களில் ஸ்டார்ட் ஆவதே இல்லை.

நிரப்பும் மூடியைத் திறந்து அழுத்தி மூடிப் பாருங்கள். மூடி திறந்திருந்தால் வண்டி கிளம்பாதபடி பல கார்களில் அங்கே ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். பெரும்பாலும் அதில்தான் கோளாறு.

தஞ்சாவூர்: பெட்ரோலே போடாமல் ஓட்டுகிறேன். சரிதானே ஐயா?

சரியில்லை அம்மா. டாங்கிக்குள் இருக்கும் பம்பைக் குளிர வைப்பது பெட்ரோல்தான். கால் டாங்கியாவது எப்போதும் இருக்கட்டும். வாரத்துக்குச் சில கிலோமீட்டர் பெட்ரோலிலும் ஓட்டுங்கள்.

திருச்சி: 60 லிட்டர் சிலிண்டர் என்றார்கள். 8 கிலோதான் ஏறுகிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. 60 லிட்டர் என்பது தண்ணீர் பிடிக்கும் கொள்ளளவு. அதில் 8 கிலோ ஏறுவது இயல்பு. வெயில் நேரத்தில் இன்னும் குறையும். ஆனால் காரில் வாயு வாடை வந்தால் அதை விடாதீர்கள். கண்ணாடிகளையும் டிக்கியையும் திறந்துவிடுங்கள், இந்த வாயுவில் பெரும்பகுதியான மீத்தேன் காற்றைவிட லேசானது, மேலே போய்விடும். சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்கும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஈரோடு: கிட் இருக்கிறது, ஆர்.சி.யில் பெட்ரோல் என்று மட்டும் இருக்கிறது. விலை மிகக் குறைவு.

இப்படியே வாங்காதீர்கள். விபத்து நேர்ந்தால் காப்பீடு சிக்கலாகும். விற்பவரையே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். திருத்திய ஆர்.சி.யைக் கண்ணால் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.