சத்து மாத்திரைகள்: யாருக்கு, எந்தக் குறைக்கு?

கேள்வி: எனக்கு வயது 48. சில ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். என் கணவர் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்கிறார். எதிர்வீட்டு அக்கா, மல்டிவிட்டமின், மீன் எண்ணெய், கால்சியம், முடி உதிர்வுக்கு பயோட்டின் என்று பல டப்பாக்களை எங்களுக்கு விற்றிருக்கிறார். மாதம் நான்காயிரம் ரூபாய் ஆகிறது. புதிதாகத் திருமணமான மகளுக்கும் கொடுக்கச் சொல்கிறார். இவற்றால் உண்மையிலேயே பலன் உண்டா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: சத்து மாத்திரை பலன் தருமா என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்வது கடினம், எந்தச் சத்து, யாருக்கு, எந்தக் குறைக்கு என்று கேட்டால் பெரும்பாலும் தெளிவான பதிலே கிடைக்கும். உடலில் குறைந்திருக்கும் சத்தைக் கொடுத்தால் அது மருந்தைப் போலவே வேலை செய்யும். குறையே இல்லாதவர் அதை மேலும் மேலும் சாப்பிடுவதால் ஆரோக்கியம் கூடிவிடுவதில்லை.

இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நடுவயதைத் தாண்டிய 25,871 பேரிடம், வைட்டமின் டி, மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 ஆகிய இரண்டையும் வெற்று மாத்திரைகளோடு ஒப்பிட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நடத்திய 'வைட்டல்' ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. புற்றுநோய் வருவதையோ, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை ஒட்டுமொத்தமாகவோ இவை குறிப்பிடும்படி குறைக்கவில்லை. பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று நினைப்பவர்களுக்கு ஃபின்லாந்து ஆய்வை நினைவூட்ட வேண்டும்: புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த அந்த ஆய்வில், புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுக்கப்பட்ட பீட்டா கரோட்டின் மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்ததாக 1994இல் தெரியவந்தது. கேரட்டில் இருக்கும் அதே பொருள்தான்.

இனி உங்கள் வீட்டு டப்பாக்களுக்கு வருவோம். எனக்கு அதிகக் கவலை தருவது பயோட்டின். நமக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 30 முதல் 40 மைக்ரோகிராம். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளிலோ 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம் வரை இருக்கிறது. பயோட்டின் குறைபாடே அரிது என்பதால் முடி உதிர்வுக்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தைராய்டு கோளாறும் இரும்புச்சத்துக் குறைவும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. அதைவிட முக்கியமாக, ரத்தத்தில் மிகுந்திருக்கும் பயோட்டின் சில வகைத் தைராய்டு பரிசோதனைகளைக் குழப்பி, டிஎஸ்ஹெச் (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) அளவைக் குறைவாகவும் டி4 (தைராய்டு ஹார்மோன்) அளவைக் கூடுதலாகவும், அதாவது உங்கள் மாத்திரை அதிகமாகிவிட்டதுபோலக் காட்டிவிடும். அந்த ரிப்போர்ட்டை நம்பி மருத்துவர் உங்கள் மாத்திரையின் அளவைக் குறைத்துவிட்டால், நஷ்டம் பணத்தோடு நிற்காது. அடுத்த பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே இதை நிறுத்திவிட்டு, சாப்பிட்டு வந்ததை லேபிலும் சொல்லிவிடுங்கள். கால்சியமும் அப்படியே: அதைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் அந்த மாத்திரையில் உள்ள தைராக்சின் ஹார்மோன் சரியாக உடலில் சேராது, இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

உங்கள் கணவருக்கு உண்மையிலேயே குறையக்கூடிய ஒரு சத்து உண்டு, வைட்டமின் பி12. மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு, அதிலும் அசைவம் தொடாதவராக இருந்தால், இது குறையலாம். கால் மரத்துப்போவதையும் எரிச்சலையும் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிட்டுப் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும்; குறைந்திருந்தால் பி12ஐ மட்டும் மருத்துவர் தருவார். பலவற்றையும் ஒன்றாகக் கலந்த மல்டிவிட்டமினில் அதற்குத் தேவையான அளவு இருக்கும் என்று சொல்ல முடியாது.

மகளின் விஷயத்தில் என் பதில் நேர்மாறானது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட வேண்டும். குழந்தையின் முதுகுத்தண்டு, மூளை ஆகியவற்றில் ஏற்படும் பிறவிக் குறைகளை அது பெருமளவு தடுக்கும் என்பது 1991இல் வெளியான ஆய்விலேயே உறுதியாகிவிட்டது. அது விலை மலிவான சிறிய மாத்திரை. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரும்புச்சத்தோடு சேர்த்து இலவசமாகவே தருகிறார்கள். ஆனால் எதிர்வீட்டு மல்டிவிட்டமினை அவருக்குக் கொடுக்காதீர்கள். அதில் ரெட்டினால் வடிவில் வைட்டமின் ஏ மிகுந்திருந்தால் கருவையே பாதிக்கக்கூடும்.

டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல' என்ற பொருள்படும் ஆங்கில வரி பொடி எழுத்தில் இருக்கும். நம் நாட்டில் இவை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் உணவுப்பொருளாக விற்கப்படுபவை. நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்க விதி இடம் கொடுப்பதில்லை. விற்பவர் வாயால் சொல்வதற்கும் அச்சில் இருப்பதற்கும் உள்ள இந்த இடைவெளியே நிறையச் சொல்லிவிடும்.

எல்லா டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு, தைராய்டு மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது எடுத்துச் சென்று காட்டுங்கள். கால்சியமோ வைட்டமின் டியோ உங்களுக்குத் தேவையா என்பதை அவரே பரிசோதித்து முடிவு செய்யட்டும். எதிர்வீட்டு அக்காவிடம் மறுத்துச் சொல்லச் சங்கடமாக இருந்தால், டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று சொல்லுங்கள். பையைக் காட்டிய பிறகு சொன்னால், அது பெரும்பாலும் பொய்யாகவும் இராது.