விஎம் திரை ஏன் பெரிதாகவே மாட்டேன் என்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

விர்ச்சுவல் மெஷின் (விஎம், கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) கன்சோலில், அதாவது அதன் திரையைக் காட்டும் விண்டோவில், ரெசல்யூஷன் (திரையின் பிக்சல் அளவு) சரியாக வரவில்லை என்று பல கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒன்றுபோல இருந்தவற்றை ஒன்றாக்கி, இங்கே பதில் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். சாதாரண கணினியில் மானிட்டர் கேபிள் வழியாகவே தன் அளவைச் சொல்லிவிடும். விஎம்மில் மானிட்டரே கிடையாது. இருப்பது ஒரு விண்டோ, அதையும் நீங்கள் இழுத்து இழுத்து மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். அளவு கொடுக்காமல் சட்டை தைக்கச் சொன்னால் டெய்லர் என்ன செய்வார்? குத்துமதிப்பாகத் தைப்பார். 800×600, 1024×768 எல்லாம் அப்படி வந்த குத்துமதிப்பு அளவுகள்தான். ஆகவே அளவு எங்கே போய்ச் சேரவில்லை என்று பாருங்கள். இடங்கள் மூன்றுதான்: விஎம்முக்குக் கொடுத்திருக்கும் போலி கிராஃபிக்ஸ் கார்டு, உள்ளே ஓடும் இயங்குதளத்தின் டிரைவர், வெளியே இருக்கும் கன்சோல் விண்டோ. உள்ளே ஓடுவதை கெஸ்ட் என்றும், அதைத் தாங்கும் உங்கள் கணினியை ஹோஸ்ட் என்றும் சொல்வார்கள்.

கேள்வி: விர்ச்சுவல்பாக்ஸில் (விஎம் ஓட்டும் மென்பொருள்) உபுண்டு லினக்ஸ் போட்டிருக்கிறேன். 800×600-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. வியூ மெனுவில் 'ஆட்டோ-ரீசைஸ் கெஸ்ட் டிஸ்ப்ளே' மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை. எக்ஸ்ராண்டர் (திரை அளவை மாற்றும் லினக்ஸ் கருவி) கட்டளைகளைப் போட்டும் பார்த்துவிட்டேன்.

அந்த மெனு மங்கலாக இருப்பதே பதில். உள்ளே கெஸ்ட் அடிஷன்ஸ் (கெஸ்ட்டுக்குள் நிறுவ வேண்டிய விர்ச்சுவல்பாக்ஸின் துணை டிரைவர்கள்) ஓடவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. அது ஓடாதவரை எக்ஸ்ராண்டரோடு மல்லுக்கட்டி லாபமில்லை. அப்படியே ஒருமுறை பலித்தாலும் லாக்அவுட் செய்ததும் பழைய அளவுக்கே போய்விடும். உங்கள் உபுண்டு வேலண்டில் (லினக்ஸில் திரையைக் காட்டும் புதிய முறை) ஓடினால் எக்ஸ்ராண்டர் அளவுகளைக் காட்டும், மாற்றாது. இப்போதைய உபுண்டுகள் பெரும்பாலும் வேலண்டில்தான் தொடங்குகின்றன.

முதலில் விஎம்மை முழுதாக அணையுங்கள். 'சேவ் ஸ்டேட்' போதாது, ஷட் டவுன்தான் வேண்டும். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் கிராஃபிக்ஸ் கண்ட்ரோலர் என்ன என்று பாருங்கள். லினக்ஸ் கெஸ்ட்டுக்கு விஎம்எஸ்விஜிஏ, விண்டோஸ் கெஸ்ட்டுக்கு விபாக்ஸ்எஸ்விஜிஏ. பழைய குறிப்புகள் சில விபாக்ஸ்விஜிஏ-வைப் போடச் சொல்லும். 6.0 பதிப்புக்கு முந்தைய காலத்து யோசனை அது, விட்டுவிடுங்கள்.

அடுத்து விஎம்மைத் தொடங்கி, ஜிசிசி, மேக் (இரண்டும் நிரல் கட்டும் கருவிகள்), ஓடும் கர்னலுக்கான (லினக்ஸின் மையப் பகுதி) ஹெடர்ஸ் பேக்கேஜ் மூன்றையும் நிறுவுங்கள். இவை இல்லாவிட்டால் கெஸ்ட் அடிஷன்ஸ் தன் கர்னல் மாட்யூல்களை (கர்னலோடு சேரும் டிரைவர் துண்டுகளை) கட்டிக்கொள்ள முடியாது. பலர் சறுக்குவது இங்கேதான். நிறுவல் ஓடும்போது நடுவில் ஒரு வரியில் கர்னல் ஹெடர்ஸ் இல்லை என்று சொல்லிவிட்டு அது பாட்டுக்கு மேலே போகும். கடைசி வரியை மட்டும் பார்த்தால் எல்லாம் சரி என்றே தோன்றும். அதனால் வரும் செய்திகளை மேலிருந்து படியுங்கள். டிவைசஸ் மெனுவில் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடியைச் செருகி, நிறுவி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். இவ்வளவும் வேண்டாம் என்றால் உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலேயே விர்ச்சுவல்பாக்ஸ் கெஸ்ட் பேக்கேஜ்கள் இருக்கின்றன. எனக்கு அதுதான் பிடித்த வழி, கர்னல் மாறும்போது தலைவலி குறைவு.

நேற்று வரை சரியாக இருந்தது, இன்று சுருங்கிவிட்டது என்று எழுதியவர்களுக்கும் இதுவே பதில். இடையில் கர்னல் அப்டேட் வந்திருக்கும், மாட்யூல் பழைய கர்னலுக்கே கட்டப்பட்டதாக இருக்கும். புதிய கர்னலின் ஹெடர்ஸை நிறுவிவிட்டு கெஸ்ட் அடிஷன்ஸ் நிறுவலை மறுபடி ஓட்டுங்கள். விஎம்முக்குள் செக்யூர் பூட் போட்டிருந்தால், கையொப்பமில்லாத மாட்யூலைக் கர்னல் ஏற்றாது. அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: 4கே மானிட்டர் வாங்கினேன். முழுத்திரைக்குப் போனால் விர்ச்சுவல்பாக்ஸ் விஎம் 4கே-வுக்கு வரவில்லை. வந்த அளவிலும் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கிறது.

இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இவை.

முதலாவது வீடியோ மெமரி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிக்சலுக்கு 4 பைட். 1920×1080 திரைக்கு 82,94,400 பைட், அதாவது 8 எம்பி சுமார். 3840×2160 திரைக்கு அதன் நான்கு மடங்கு, 3,31,77,600 பைட். விஎம்முக்கு 16 எம்பி வீடியோ மெமரி கொடுத்துவிட்டு 4கே கேட்டால் எங்கிருந்து வரும்? டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஸ்லைடரை 128 எம்பி வரை தள்ளிவிடுங்கள். இரண்டு மானிட்டர் என்றால் தேவையும் இரட்டிப்பாகும்.

இரண்டாவது, எழுத்து சிறிதாகத் தெரிவது. அதைச் சரிசெய்ய கெஸ்ட்டுக்குள்ளேயே 150% அல்லது 200% ஸ்கேலிங் வைப்பதுதான் நல்லது, எழுத்து கூர்மையாக இருக்கும். விர்ச்சுவல்பாக்ஸின் சொந்த ஸ்கேல் ஃபேக்டரை 200% ஆக்கினாலும் பெரிதாகும். ஆனால் அது படத்தை இழுத்துப் பெரிதாக்குவது, கொஞ்சம் மங்கும். நாள் முழுக்க கோடு எழுதுகிறவர் என்றால் கண் வலிக்கும்.

தெரியாமல் வலது கண்ட்ரோலோடு சி-யை அழுத்தி ஸ்கேல்டு மோடுக்குப் போய்விட்டு, மெனு பாரைக் காணோம் என்று தேடுகிறவர்களும் உண்டு. அதே இரண்டு கீயை மறுபடி அழுத்தினால் திரும்பிவிடும்.

கேள்வி: ஹைப்பர்-வி-யில் (மைக்ரோசாஃப்டின் விஎம் மென்பொருள்) லினக்ஸ் விஎம். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஒரே ஒரு ரெசல்யூஷன்தான் இருக்கிறது. பட்டியலே இல்லை!

ஹைப்பர்-வி-யின் சாதாரணக் கன்சோல் அப்படித்தான். விண்டோவை இழுத்தால் கெஸ்ட் தானாக மாறும் வசதி அதில் கிடையாது. என்ன அளவு என்பது தொடக்கத்திலேயே முடிவாகிவிடும்.

பழைய கர்னல் என்றால் கிரப் (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்) அமைப்பில், கர்னலுக்குப் போகும் வரியில் வீடியோ என்ற அளவுருவுக்கு ஹைப்பர்வி-எஃப்பி டிரைவரின் பெயரையும் 1920×1080 என்ற அளவையும் கொடுப்பார்கள். பெரும்பாலான குறிப்புகளில் காண்பது இதுதான். ஆனால் கர்னல் 5.14-இல் ஹைப்பர்வி-டிஆர்எம் என்ற புது டிரைவர் வந்துவிட்டது. உங்கள் விநியோகம் அதைப் பயன்படுத்தினால், அந்தப் பழைய வரியை எத்தனை முறை எழுதினாலும் எதுவும் அசையாது. கிரப்பைப் புதுப்பிக்க மறந்துவிட்டோமோ என்று பலர் தங்களையே சந்தேகப்படுகிறார்கள். எந்த டிரைவர் ஏறியிருக்கிறது என்று கர்னல் செய்திகளில் முதலில் பாருங்கள்.

எந்த டிரைவராக இருந்தாலும் ஹோஸ்ட் பக்கத்திலிருந்து செய்வது நல்ல வழி. விஎம்மை அணைத்துவிட்டு, ஹோஸ்டில் நிர்வாகி உரிமையோடு பவர்ஷெல்லைத் திறந்து செட்-விஎம்வீடியோ கட்டளையில் அகலம், உயரம், ரெசல்யூஷன் வகை 'சிங்கிள்' என்று கொடுங்கள். அப்புறம் தொடங்குங்கள்.

விண்டோஸ் கெஸ்ட் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் தொட வேண்டாம். என்ஹான்ஸ்டு செஷனை இயக்கினால் இணைக்கும்போதே அளவைக் கேட்கும். அது உள்ளுக்குள் ரிமோட் டெஸ்க்டாப் நுட்பம்தான். அதனாலேயே கெஸ்ட்டில் விண்டோஸ் ஹோம் பதிப்பு இருந்தால் கிடைக்காது, ப்ரோ அல்லது அதற்கு மேல் வேண்டும்.

கேள்வி: ப்ராக்ஸ்மாக்ஸில் (பிரவுசர் வழியாக விஎம்களை நிர்வகிக்கும் தளம்) விண்டோஸ் விஎம், யுஇஎஃப்ஐ (புதிய வகை பூட் ஃபர்ம்வேர்) முறையில் நிறுவியது. ரெசல்யூஷன் பெட்டி உறைந்துபோய் இருக்கிறது.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் கீழே பாருங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருக்கிறதா? அப்படியென்றால் விண்டோஸுக்கு அந்தக் கார்டு என்னவென்றே தெரியவில்லை. பூட் ஆகும்போது ஃபர்ம்வேர் கொடுத்துவிட்டுப் போன அளவையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நிரந்தர வழி: விஎம்மின் ஹார்டுவேர் பகுதியில் டிஸ்ப்ளேயை விர்ட்ஐஓ-ஜிபியு (விஎம்களுக்கென்றே செய்த போலி கார்டு) ஆக்கி, விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓ-வைச் செருகி உள்ளே நிறுவுங்கள். அடாப்டர் பெயர் ரெட் ஹேட் விர்ட்ஐஓ என்று மாறும், பட்டியலும் வந்துவிடும்.

டிரைவர் போட முடியாத நிலை என்றால் ஃபர்ம்வேரையே மாற்றிச் சொல்லலாம். விஎம்மைத் தொடங்கியதும் லோகோ தெரியும் நேரத்தில் கன்சோலுக்குள் ஒருமுறை கிளிக் செய்து எஸ்கேப் கீயை அழுத்துங்கள். கிளிக் செய்யாவிட்டால் கீ பிரவுசருக்குப் போய்விடும். டிவைஸ் மேனேஜர், அதற்குள் ஓவிஎம்எஃப் பிளாட்ஃபார்ம் கான்ஃபிகரேஷன், அதில் அளவைத் தேர்ந்தெடுத்துச் சேமித்து ரீசெட். விஎம்மில் இஎஃப்ஐ டிஸ்க் சேர்த்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். அது இல்லாவிட்டால் சேமித்தது தங்காது, அடுத்த முறை விஎம்மை அணைத்துத் தொடங்கும்போது பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

கேள்வி: விர்ட்-மேனேஜரில் (லினக்ஸில் விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருள்) ஸ்பைஸ் (விஎம் திரையைக் கொண்டுவரும் முறை), கெஸ்ட்டுக்குள் ஓடும் அதன் ஏஜென்ட் எல்லாம் சரியாக இருக்கிறது. க்னோம் போட்ட விஎம் விண்டோவோடு விரிகிறது. எக்ஸ்எஃப்சிஇ போட்ட விஎம் விரியவில்லை.

உங்கள் சோதனையிலேயே விடை இருக்கிறது. புதிய அளவு கெஸ்ட் வரை வந்து சேர்கிறது. அதைப் பிடித்துச் செயல்படுத்துவது டெஸ்க்டாப்பின் வேலை. க்னோம் செய்கிறது, எக்ஸ்எஃப்சிஇ தானாகச் செய்வதில்லை. எக்ஸ்ராண்டருக்கு இங்கே வேலை உண்டு: விர்ச்சுவல்-1 அவுட்புட்டுக்கு 'ஆட்டோ' என்று கொடுத்தால் சட்டென்று விரியும். அதை ஒரு கீபோர்டு ஷார்ட்கட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அளவு மாறும்போதெல்லாம் ஸ்கிரிப்ட் தானாக ஓடும்படி விதி எழுதுவதும் முடியும், ஆனால் வீட்டு உபயோகத்துக்கு அது அதிகப்படி.

விஎம்வேரில் லினக்ஸ் கெஸ்ட் விரியவில்லை என்று கேட்டவர், ஓப்பன்-விஎம்-டூல்ஸ் (விஎம்வேருக்கான கெஸ்ட் பக்கத்துக் கருவிகள்) மட்டும் நிறுவியிருக்கிறாரா என்று பார்க்கவும். டெபியன், உபுண்டுவில் 'டெஸ்க்டாப்' என்ற ஒட்டோடு இன்னொரு பேக்கேஜ் தனியாக உண்டு. அதுதான் திரை அளவைக் கவனிப்பது.

கேள்வி: என் லேப்டாப் 1366×768. அதே அளவை விஎம்முக்குள் கேட்டால் 1368×768 வருகிறது. ஏன் இந்த இரண்டு பிக்சல்?

புதிய அளவு உருவாக்கப் பயன்படுத்தும் சிவிடி கணக்கில் அகலம் 8-ஆல் வகுபட வேண்டும். 1366 வகுபடாது, எனவே 1368-க்குத் தள்ளுகிறது. அதைப் போட்டால் ஸ்க்ரோல்பார் வரும், அல்லது படம் அழுந்தி மங்கும். 1360×768 போடுங்கள். இரு ஓரத்திலும் மூன்று பிக்சல் கறுப்பு, எழுத்து பளிச்சென்று இருக்கும்.

ஆனால் இது முழுத்திரைக்கு மட்டும். விண்டோவாக வைத்திருந்தால் டாஸ்க்பார், தலைப்புப் பட்டை, மெனு, கீழே ஸ்டேட்டஸ் பட்டை எல்லாம் போக 768-இல் கையில் நிற்பது 650-ஐ ஒட்டித்தான். 1280×720-கூட அதில் அடங்காது.

கேள்வி: டெஸ்க்டாப் இல்லாத லினக்ஸ் சர்வர். கன்சோலில் எழுத்து மிகச் சிறிது, சில சமயம் மிகப் பெரிது.

கிரப் அமைப்பில் ஜிஎஃப்எக்ஸ்-மோட் அளவை 1280×1024 போல ஒன்று வைத்து, பேலோட் என்பதை 'கீப்' ஆக்கி, கிரப்பைப் புதுப்பியுங்கள். கர்னல் வரியில் யாராவது எப்போதோ சேர்த்த 'நோமோட்செட்' இருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை கிராஃபிக்ஸ் டிரைவர் வேலையே செய்யாது. எழுத்தளவு மட்டும்தான் பிரச்சினை என்றால் டெபியன் வகையில் கன்சோல்-செட்டப்பை மறுபடி ஓட்டி டெர்மினஸ் எழுத்துருவைப் பெரிதாகத் தேர்ந்தெடுத்தால் போதும்.

உண்மையைச் சொன்னால், சர்வர் கன்சோலை அழகுபடுத்த நேரம் செலவழிக்க வேண்டாம். எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாக உள்நுழையும் முறை) வழியாகப் போங்கள். கன்சோல், நெட்வொர்க் விழுந்த நாளைக்கு.

கேள்வி: கர்சர் ஒரு இடத்தில் தெரிகிறது, கிளிக் வேறு இடத்தில் விழுகிறது.

விஎம்மின் மவுஸ் வகையை யுஎஸ்பி டேப்லெட் ஆக்குங்கள், ப்ராக்ஸ்மாக்ஸில் ஆப்ஷன்ஸ் பகுதியில் இருக்கிறது. அப்படியும் விலகினால் கன்சோலின் ஸ்கேலிங்கையும் பிரவுசரின் ஜூமையும் பாருங்கள். ஜூம் 100% இருக்கட்டும்.

கேள்வி: கன்சோலில் 1920×1080 வைத்தேன். ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்தால் வேறு அளவு வருகிறது.

அது வேறு திரை. ரிமோட் டெஸ்க்டாப்பின் அளவை உங்கள் பக்கத்து கிளையன்ட்தான் தீர்மானிக்கும். இணைப்பதற்கு முன் அதன் டிஸ்ப்ளே டேபில் மாற்றுங்கள்.