பழைய ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு நெட்வொர்க் பிளேயர்: கேள்வி பதில்

வீட்டு ஹைஃபை செட்டில் நெட்வொர்க் பிளேயர் சேர்ப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து: அப்பா காலத்து ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் இருக்குதுங்கண்ணா. எல்லாத்தையும் மாத்தணுமா?

ஒன்றையும் மாற்ற வேண்டாம் தம்பி. சிடி பிளேயர் இருந்த இடத்தில் இது வந்து உட்காரும், அவ்வளவுதான். பாட்டு ஃபைலை வீட்டு வைஃபை அல்லது கேபிள் நெட்வொர்க்கில் எடுத்து, உள்ளிருக்கும் டாக் சிப்பில் டிஜிட்டலை அனலாக் சிக்னலாக்கி, ஆர்சிஏ வயரில் அனுப்பும். அந்த வயரை ஆக்ஸ் அல்லது சிடி என்று போட்ட இடத்தில் செருகுங்கள். ஃபோனோவில் மட்டும் வேண்டவே வேண்டாம். அது இசைத்தட்டு ஊசியின் மெலிந்த சிக்னலை ஏறக்குறைய நூறு மடங்கு பெருக்கி, பேஸையும் தூக்கிவிடும். பாட்டு கிழிந்துதான் வரும்.

ஈரோட்டிலிருந்து: போனில் இருந்து ப்ளூடூத்தில் போட்டால் போதாதுங்களா?

வேலை பார்த்துக்கொண்டே கேட்கப் போதும். உட்கார்ந்து கேட்க எனக்குப் போதவில்லை. சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட் ஓடுகிறது. ப்ளூடூத்தின் சாதாரண சுருக்கு முறையான எஸ்பிசி நல்ல தரத்திலேயே 328 கிலோபிட்தான், மீதியைக் கழித்துவிடுகிறது. ஃபிளாக் என்ற வகை ஃபைல் அளவில் சிறிதானாலும் எதையும் கழிப்பதில்லை. ஆனால் பழைய எம்பி3-ஐ ஃபிளாக்காக மாற்றி ஏமாற வேண்டாம், போனது போனதுதான். இன்னொன்று, நெட்வொர்க் பிளேயரில் போன் பெரும்பாலும் ரிமோட் மாதிரிதான். பாட்டைப் பிளேயரே நேராக இழுத்துக்கொள்ளும், அழைப்பு வந்தால் பாட்டு நிற்காது.

காங்கேயம் பக்கமிருந்து: நடுவே திறந்த முற்றம் வெச்ச தொட்டிக்கட்டு வீடுங்க, சுவரெல்லாம் ஒன்றரை அடி. பாட்டு விட்டு விட்டு வருது. பிளேயர் மோசமா?

பிளேயரைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையும் எழுத உட்கார்ந்தேன். பெட்டிக்கு அள்ளிக் கொடுக்கிறோம், வயருக்கு யோசிக்கிறோம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அத்தனை கனமான சுவரில் திணறும். 2.4 இன்னும் கொஞ்சம் ஊடுருவும், ஆனால் அக்கம்பக்கத்து ரூட்டர்களோடு மோதும். தாராபுரத்தில் பெரியப்பா வீடும் இதே கட்டுத்தான். ரூட்டர் முன்கட்டில், செட்டு பின்கட்டில். தாழ்வாரத்து விட்டத்தோடு ஒட்டி பிவிசி பைப் ஓட்டி, அதற்குள் கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுத்தோம். இந்தக் கேபிள் நூறு மீட்டர் வரை தாங்கும்; அங்கே இருபதைக்கூடத் தாண்டவில்லை. பிளேயரின் பின்னால் செருகியதும் பச்சை விளக்கு மினுக்கியது. அன்றைக்குத் தொட்டியில் மழை ஊற்றிக்கொண்டிருக்க, பெரியப்பா நாகஸ்வரக் கச்சேரி ஒன்றை முழுசாகக் கேட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தார். கேபிள் இழுக்கவே வழியில்லை என்றால் ரூட்டரைத் தொட்டி ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள், திறந்த வெளி அலையைத் தடுக்காது.

சோமனூரிலிருந்து: கரண்ட் ஒரு கண் சிமிட்டினாலும் பாட்டு நின்னுடுதுங்க.

பெரும்பாலும் ரூட்டர் அணைந்து மறுபடி எழுவதுதான் காரணம். ரூட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் கிடைக்கிறது, உங்கள் ரூட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள். பிளேயரும் பாட்டு ஹார்ட் டிஸ்க்கும் பெரிய யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் டிஸ்க்கில் உள்ளதே கெட்டுப்போகலாம். சேர்த்த பாட்டுக்கு இன்னொரு பிரதி கட்டாயம் வையுங்கள்.

கோவையிலிருந்து ஒரு அம்மணி: பிளேயர் திரையில் தமிழ்ப் பெயரெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. கச்சேரியில் தானம் முடிந்து பல்லவி வரும்போது ஒரு வெட்டு விழுகிறது.

போன் செயலியில் அதே பெயர் சரியாகத் தெரிந்தால், ஃபைலில் குறையில்லை அம்மணி; பிளேயருக்குள் தமிழ் எழுத்துரு இல்லை. போனிலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் கேள்விக்குறியாக வந்தால் ஃபைலுக்குள் இருக்கும் பெயர் விவரத்தை, அதாவது டேகை, யூனிகோடில் மறுபடி அடிக்க வேண்டும். அந்த வெட்டுக்கு மருந்து கேப்லெஸ், அதாவது டிராக்குகளை இடைவெளியில்லாமல் ஓட்டும் வசதி. அது இல்லாவிட்டால் ஒரு டிராக் முடிந்து அடுத்தது தொடங்கும் நொடியில் தம்பூரா அறுந்துபோகும், கச்சேரி கேட்பவர்களுக்கு அதைவிடக் கொடுமை இல்லை. வாங்கும் முன் கடையிலேயே உங்கள் கச்சேரி ஃபைல் ஒன்றைப் போட்டு, அந்த இடத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள்.