கிம் வெக்ஸ்லருக்குக் கிடைக்காத எம்மி

"விருது விழாக்கள் கண்டுகொள்ளாமல் விட்ட தொலைக்காட்சி நடிகர் என்றால் உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரே சீஹார்ன். எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை.

'பெட்டர் கால் சால்' தொடரில் கிம் வெக்ஸ்லர் என்ற வக்கீலாக நடித்தவர். (எழுத்தைப் பார்த்துவிட்டு நம்மில் பலர் ரியா என்கிறோம். ரே என்பதுதான் சரியான உச்சரிப்பு.) தொடரை இனிமேல்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு, பார்த்து முடித்ததும் வாருங்கள். கடைசிக் காட்சி வரை பேசப்போகிறேன்.

'பிரேக்கிங் பேட்' பார்த்தவர்களுக்கு சால் குட்மேன் என்ற குறுக்குவழி வக்கீலைத் தெரிந்திருக்கும். ஜிம்மி என்ற பெயரில் கிம்மின் காதலனாக இருந்த அவர் அப்படி ஆனது எப்படி என்று சொல்லும் முன்கதைதான் இந்தத் தொடர். 2015 முதல் 2022 வரை ஆறு சீசன், 63 எபிசோட். அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மிக்கு மொத்தம் 53 முறை பரிந்துரைக்கப்பட்டது. ஜெயித்தது ஒன்றுகூட இல்லை. நாயகனாக நடித்த பாப் ஓடென்கிர்க் மட்டும் ஆறு முறை பரிந்துரைப் பட்டியலில் இருந்து வெறுங்கையோடு திரும்பினார். சீஹார்னின் கதை அதைவிட ஒரு படி மோசம். பட்டியலில் பெயர் வருவதற்கே அவர் கடைசி சீசன் வரை, அதாவது 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த நடிப்பை எனக்குப் புரியவைத்தது என் அக்காதான். மதுரையில் வக்கீல். ஒரு சீனியரிடம் எட்டு வருஷம் ஜூனியராகக் கட்டுத் தூக்கியவள். ஆங்கிலத் தொடர் பார்க்கிற வழக்கம் இல்லை. ஒரு பொங்கல் லீவில் வீட்டுக்கு வந்திருந்தபோது நான் இரண்டாவது சீசனின் ஐந்தாவது எபிசோடைப் போட்டிருந்தேன். காய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

அந்த எபிசோடில் கிம்முக்குத் தண்டனைக் காலம். பெட்டி பெட்டியாக வரும் ஆவணங்களை வரி வரியாகப் படித்துக் குறிப்பெடுக்கும் அடிமட்ட வேலைக்கு அவளைத் தள்ளியிருப்பார்கள். அதிலிருந்து மீள ஒரு பெரிய கட்சிக்காரரைப் பிடித்து வந்தால் போதும் என்று நினைப்பாள். கிடைத்த இடைவேளையில் எல்லாம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவருக்காகப் போன் போடுவாள். கலர் கலராக ஒட்டுத்தாள்கள், எல்லாப் பக்கமும் 'இல்லை' என்ற பதில். கடைசியில் ஒரு வங்கி சிக்கும். சந்திப்பும் நன்றாக முடியும். அவளுடைய மேலதிகாரி ஹோவர்ட், அதற்குப் பிறகும் அவளை அந்தப் பெட்டிகளுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்.

அப்போது சீஹார்னின் முகத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு நொடிதான். கண்ணில் ஒரு விளக்கு அணையும், உதட்டில் புன்னகை மட்டும் கலையாமல் நிற்கும். நான் கவனிக்காமல் கடந்துபோயிருப்பேன். அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "டேய், அதைத் திரும்பப் போடு" என்றாள். இரண்டு முறை பார்த்தாள். "சீனியர் முன்னாடி நாங்க இப்படித்தான்டா நிப்போம். கோவம் கண்ணுக்குக் கீழ இறங்கவே கூடாது."

கிம் வெக்ஸ்லர் உணர்ச்சியை வெளியே காட்டாத பெண். கோர்ட்டிலும் ஆபீஸிலும் அதுதான் அவளுக்குக் கவசம். அப்படிப்பட்ட ஒருத்தியை நடிப்பது பெரிய சிக்கல். எதிரே நிற்கும் ஆளுக்குத் தெரியக் கூடாது, ஆனால் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற நமக்குத் தெரிந்தாக வேண்டும். சீஹார்ன் அதைத் தாடையை லேசாக இறுக்கியும், பதில் சொல்லுமுன் அரை மூச்சு தாமதித்தும், மற்றவர் பேசும்போது கேட்கிற விதத்திலும் செய்கிறார். அவர் கேட்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஜிம்மி ஒரு பொய்யைச் சொல்லத் தொடங்கியதும், அது பொய் என்று அவளுக்கு எந்த வார்த்தையில் பிடிபட்டது என்பதை நாம் சரியாகச் சுட்டிக்காட்ட முடியும்.

மூன்றாவது சீசனில் தூக்கமில்லாமல் வேலை பார்த்துப் பார்த்து, கார் ஓட்டும்போதே கண் அசந்து மோதிவிடுவாள். காகிதங்கள் எல்லாம் காற்றில் பறக்கும். கை உடைந்த நிலையிலும் அதைப் பொறுக்கத் தடுமாறி நடப்பாள். அக்கா இதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை.

அப்புறம் ஐந்தாவது சீசன். 2020 ஏப்ரலில் வந்த ஒன்பதாவது எபிசோட். லாலோ என்ற கொலைகாரன் நள்ளிரவில் வீட்டுக்குள் வந்து நின்று, பாலைவனத்தில் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி ஜிம்மியை வறுத்தெடுப்பான். காரில் குண்டு துளைத்த ஓட்டைகளை அவன் பார்த்துவிட்டான், ஜிம்மியின் பொய் கிழியப்போகிறது. அந்த நேரத்தில் கிம் எழுந்து இருவருக்கும் நடுவில் வந்து நிற்பாள். கைவிடப்பட்ட காரைக் கண்டால் ஊர்க்காரர்கள் விளையாட்டுக்குச் சுடுவார்கள், இதற்கா இவ்வளவு என்று அவனையே திருப்பிக் கேட்பாள். உன் ஆட்களை உன்னால் நம்ப முடியவில்லை என்றால் அது உன் பிரச்சினை என்று குறுக்கு விசாரணை செய்கிற தொனியில் அடுக்குவாள். குரல் உயர்வதெல்லாம் தைரியம் இல்லை, பயம்தான். அந்தப் பயத்தை வாதமாக மாற்றுகிறாள். லாலோ போன பிறகு, அவள் முகத்தைப் பார்த்தபின்தான் நானே மூச்சு விட்டேன்.

அந்த வருஷத்து எம்மியில் துணை நடிகைக்கு எட்டுப் பேர் பரிந்துரைக்கப்பட்டார்கள். எட்டில் சீஹார்ன் இல்லை.

ஏன் இப்படி என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். எம்மியில் பரிந்துரைக்கப்பட்ட நடிகர் தன் சார்பில் ஒரே ஒரு எபிசோடை அனுப்ப வேண்டும். ஒரே எபிசோடில் வெடித்து அழுகிற, கத்துகிற, உடைந்து விழுகிற நடிப்புக்கு இந்த முறை தோதானது. கிம்மோ ஆறு சீசனாக ஒவ்வொரு செங்கல்லாக எழுப்பப்பட்டவள். இரண்டாவது சீசனில் விழுங்கிய கோபம் ஆறாவது சீசனில்தான் வெளியே வருகிறது. நடுவில் ஒரு மணி நேரத்தை வெட்டியெடுத்துக் கொடுத்தால், நேர்த்தியான ஒரு வக்கீலம்மா தெரிவாள், அவ்வளவுதான்.

இதற்கு எதிராக ஒரு கேள்வி வரும். அவர் உடைந்து அழும் எபிசோடும் இருக்கிறதே? இருக்கிறது. கடைசிக்கு முந்தைய எபிசோட், தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான வின்ஸ் கில்லிகன் எழுதி இயக்கியது. எல்லாவற்றையும் விட்டு ஃப்ளோரிடாவில் தோட்டத்துக்கு நீர் தெளிக்கும் குழாய் விற்கும் கம்பெனியில் மங்கிப்போய் வாழும் கிம், ஹோவர்டின் மனைவியிடம் போய் உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தொண்டையில் ஏதோ அசையும். பிறகு அணை உடையும். கேமரா அவளை விட்டு நகரவே நகராது. பக்கத்தில் இருக்கும் முகம் தெரியாத ஒரு பெண்மணி கையை நீட்டி அவள் கைமேல் வைப்பார். ஏழு வருஷம் அடக்கிவைத்த அழுகை அது. ஆறு சீசனையும் கூடவே வந்து பார்த்தவருக்குத்தான் அதன் எடை தெரியும்.

அந்த எபிசோட் போட்டியிட்ட வருஷத்தில் பட்டியலில் இருந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் 'தி ஒயிட் லோட்டஸ்' என்ற ஒரே தொடரிலிருந்து வந்தவர்கள். விருது அதே தொடரின் ஜெனிஃபர் கூலிட்ஜுக்குப் போனது. அதற்கு முந்தைய வருஷம் 'ஓசார்க்' தொடரின் ஜூலியா கார்னர், அவருக்கு மூன்றாவது முறை. இருவருமே நல்ல நடிகைகள், அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. 2023 ஜனவரியில் அமெரிக்க விமர்சகர்களின் கிரிட்டிக்ஸ் சாய்ஸ் விழாவில் 'பெட்டர் கால் சால்' சிறந்த தொடராகத் தேர்வானது. ஓடென்கிர்க், ஜியன்கார்லோ எஸ்பாசிட்டோ இருவரும் நடிப்புக்காக விருது வாங்கினார்கள். அங்கும் சீஹார்னைத் தாண்டி விருது கூலிட்ஜிடமே போய்ச் சேர்ந்தது.

இதே தொடரில் ஜிம்மியின் அண்ணன் சக்காக நடித்த மைக்கேல் மெக்கீனையும் சொல்லாமல் விடக் கூடாது. மூன்றாவது சீசனில் கூண்டில் ஏறி அவர் தன்னை அறியாமல் கொட்டித் தீர்க்கும் நீண்ட பேச்சுக்கு இணையாக நான் தொலைக்காட்சியில் அதிகம் பார்த்ததில்லை. அந்த எபிசோடை எழுதியவருக்கு எம்மி பரிந்துரை கிடைத்தது. அதைப் பேசி நடித்தவருக்கு அந்த வருஷம் இல்லை. 'தி வயர்' தொடரில் ஓமராக வாழ்ந்த மைக்கேல் கே. வில்லியம்ஸ் இன்னொருவர். அந்தத் தொடரின் ஐந்து சீசனுக்கும் சேர்த்துக் கிடைத்தவை இரண்டே பரிந்துரைகள், இரண்டும் எழுத்துக்கு. நடித்த ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. பிறகு வேறு படைப்புகளுக்காகப் பலமுறை பரிந்துரைக்கப்பட்ட வில்லியம்ஸ், 2021 செப்டம்பரில், எம்மி விழாவுக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நிலையில் காலமானார். அந்த மேடையிலும் விருதுக்கு அவர் பெயர் அறிவிக்கப்படவில்லை. இவர்களைப் பற்றித் தனித்தனியாகவே எழுத வேண்டும்.

பிறகு கில்லிகன் தன் அடுத்த தொடரான 'ப்ளூரிபஸ்'ஸை சீஹார்னை மனதில் வைத்தே எழுதினார். 2025 நவம்பரில் வந்தது. இப்போது அவர்தான் நாயகி. கிம்மை உருவாக்கியவர்களுக்கு அவர் யார் என்று முதலிலிருந்தே தெரிந்திருந்தது.

அக்கா மொத்தத் தொடரையும் இரண்டு மாதத்தில் முடித்தாள். வழக்குக் கட்டைக் கட்டிவைத்துவிட்டு ராத்திரி ஒரு எபிசோட் என்று கணக்கு. கடைசிக் காட்சியில் சிறைக்கு வந்து ஜிம்மியோடு ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றிப் பிடித்துவிட்டு கிம் வெளியே நடப்பாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் நிற்பான். அவள் நின்று பார்ப்பாள், பிறகு நடப்பாள், சுவர் அவனை மறைக்கும் வரை பார்த்துக்கொண்டே நடப்பாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம், அவள் திரும்பவும் அவனைப் பார்க்க வருவாள் என்பது அக்கா கட்சி. விடைபெற்றுவிட்டாள் என்பது என் கட்சி. போன வாரம் போனில்கூட இதே சண்டைதான்.