பெட்டியைத் திறந்து ஒரு ரேஸ்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம், ஓவர்க்ளாக்கிங் போட்டி. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரை அதன் கம்பெனி குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேலே ஓட வைத்து, யாருடைய மிஷின் ஒரு கணக்கைச் சீக்கிரம் முடிக்கிறது என்று ஊர் ஊராக, நாடு நாடாக ஆன்லைனில் மோதுகிற விளையாட்டு. எனக்கு உயிரான விஷயம் என்பதால் பக்கம் முழுக்க இதற்கே கொடுத்துவிட்டேன்.

ஓவர்க்ளாக்கிங் என்பது ஆன்லைன் மல்டிபிளேயர் ரேஸ் கேம் மாதிரி என்கிறான் நண்பன். திரையில் காரே ஓடவில்லையே? இன்டெல் கோர் 2 டியோ இ8400 பிராசஸர் போட்ட அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் ஒன்றுதான் வீட்டில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு உள்ளே போக முடியுமா?
(கல்லூரி மாணவர், வியாசர்பாடி)

நண்பன் சொல்வது சரிதான் தம்பி. கார் மேஜை மேல் இருக்கிறது, அவ்வளவுதான். பிராசஸர் இன்ஜின், மதர்போர்டு சேஸிஸ், மேலே உட்கார்ந்திருக்கிற ஹீட்சிங்க் ரேடியேட்டர். ஓடுகிற ட்ராக்குக்குப் பெஞ்ச்மார்க் என்று பெயர். சூப்பர் பை என்று ஒரு குட்டி புரோகிராம் இருக்கிறது, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் 1995-இல் பையின் மதிப்பைக் கோடிக்கணக்கான இலக்கங்களுக்குக் கணக்கிட எழுதியதிலிருந்து வந்தது. அதில் பத்து லட்சம் இலக்கத்தை எத்தனை விநாடியில் முடிக்கிறாய் என்பது ஒரு ரேஸ், மூன்று கோடிச் சொச்சம் இலக்கம் என்பது இன்னொரு ரேஸ். எத்தனை மெகாஹெர்ட்ஸ் தொட்டாய் என்று மட்டும் பார்ப்பது நேர்கோட்டில் விடுகிற 'டிராக்' (drag) ரேஸ். ஸ்கோரைப் பதிவு செய்கிற இடம் ஹெச்டபிள்யூபாட் என்ற இணையதளம். எதிராளி உன்னோடு அதே நேரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, அவன் போன வாரம் போலந்தில் ஓட்டி வைத்த நேரத்தை நீ இன்று ராத்திரி வியாசர்பாடியில் இருந்து முறியடிக்கலாம், அவன் காலையில் எழுந்து பார்த்துவிட்டு மறுபடி ஸ்க்ரூ டிரைவரை எடுப்பான்.

பழைய மிஷின் என்று கூச்சப்படாதே. இந்தப் போட்டியில் எனக்கு மிகவும் பிடித்த விதியே அதுதான். ஒரே மாடல் பிராசஸருக்குள் யார் முதல் என்று தனி வரிசை உண்டு, அதற்குத் தனிப் புள்ளி உண்டு. 100 சிசி வண்டி 100 சிசியோடுதான் மோதும். ஆள் பிரிப்பும் உண்டு: புதிதாக வந்தவர்கள், காற்றிலும் தண்ணீரிலும் குளிர வைப்பவர்கள், திரவ நைட்ரஜன் ஊற்றுபவர்கள் என்று லீக் வேறு வேறு. தனியாள் புள்ளி போக டீமுக்குப் புள்ளி சேரும், நாடுகளுக்கிடையே கன்ட்ரி கப் என்று ஒன்றும் நடக்கும்.

உன் இ8400-க்கு வருவோம். அது 333 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை, அதாவது போர்டு தருகிற அடிப்படை வேகத்தை, 9 ஆல் பெருக்கி 3 கிகாஹெர்ட்ஸ் ஓடுகிற பிராசஸர். பெருக்கி என்கிற அந்த 9-ஐ மேலே ஏற்ற விடமாட்டார்கள், பஸ்ஸை ஏற்றலாம். போர்டு இடம் கொடுத்தால், விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கிற செட்டிங் பக்கமான பயாஸில் போய் 333-ஐ 400 ஆக்கு, 3.6 வந்துவிடும், டிடிஆர்2 800 ராமும் அதோடு சரியாகப் பொருந்தும். ஒரே தாவாகத் தாவாதே. 10, 10 ஆக ஏற்று, ஒவ்வொரு முறையும் விண்டோஸ் வரை போய் ஒரு சூப்பர் பை ஓட்டிப் பார், தொங்கினால் வோல்டேஜை ஒரு படி கூட்டு. அந்தச் சிப்புக்கு இன்டெல் குறித்த மேல் எல்லை 1.3625 வோல்ட், முதல் மாதம் அதைத் தாண்டாதே. பழகிய பிறகு நீயே முடிவு செய்யலாம்.

"நைட்டு ரேஸ் இருக்கு"ன்னு பையன் சொன்னதும் எனக்குக் கை கால் ஆடிப்போச்சு. பைக் ரேஸ் பசங்களோட சேர்ந்துட்டானோன்னு பயந்தேன். பார்த்தால் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். கரண்ட் பில் ஏறுமா? வெடித்துவிடாதா?
(இல்லத்தரசி, தண்டையார்பேட்டை)

அம்மா, அவன் வீட்டில் இருக்கிறான், நீங்கள் எட்டிப் பார்க்கிற தூரத்தில் இருக்கிறான், முதலில் அதற்கு நிம்மதியாகத் தூங்குங்கள். கரண்டைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வேகத்தை ஏற்றியதால் 150 வாட் கூடுதலாக இழுக்கிறது, தினமும் 2 மணி நேரம் ஓட்டுகிறான் என்று வைத்துக்கொண்டாலும் நாளைக்கு 0.3 யூனிட், இரண்டு மாத பில்லில் 18 யூனிட். ஏசி போடுகிற வீட்டில் இது தெரியவே தெரியாது.

பயப்பட வேண்டிய இடம் வேறு ஒன்று இருக்கிறது, அது எஸ்எம்பிஎஸ், அதாவது பெட்டியின் பின்னால் கரண்ட் வயர் செருகுகிற டப்பா. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கடையில் '500 வாட்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய டப்பாவை மலிவாக வாங்கி வந்தேன். கையில் எடுத்தபோதே காலி டிபன் பாக்ஸ் மாதிரி லேசாக இருந்தது, அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஒரு மே மாத மத்தியானம், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட மாடி ரூமில் ஓட்டிக்கொண்டிருந்தபோது டப்பென்று ஒரு சத்தம், கருகிய மீன் மாதிரி ஒரு வாடை, மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. ஆகவே பையனிடம், கரண்டை அதிகம் வீணாக்காததற்குக் கொடுக்கிற 80 ப்ளஸ் முத்திரை உள்ள எஸ்எம்பிஎஸ்தானா என்று கேளுங்கள். இன்னொன்று, நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பிளக் பாயிண்டில் எர்த் இருக்காது, கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் கொடுக்கச் சொல்லுங்கள். அதைச் செய்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

படிப்பு கெடுமே என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். கேரம் போர்டையும் ஒரு காலத்தில் வேலையத்த பசங்க ஆட்டம் என்றுதானே நம் தெருக்களில் சொன்னார்கள்? 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா, ஆட்டோ ஓட்டுபவரின் மகள், நம்ம புதுவண்ணாரப்பேட்டைப் பெண். உங்கள் பையன் அப்படி வருவான் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் வோல்டேஜ், சூடு, கணக்கு மூன்றையும் கையால் தொட்டுப் படித்துக்கொண்டிருக்கிறான். நேரத்துக்குத் தூங்கவும் சொல்லுங்கள்.

கடற்கரையை ஒட்டி வீடு. கொஞ்சம் வேகம் ஏற்றினாலே 95 டிகிரி காட்டுகிறது. என்ன செய்வது?
(காசிமேடு வாசகர்)

ஹீட்சிங்க் என்ன முக்கினாலும் ரூமில் இருக்கிற சூட்டுக்குக் கீழே பிராசஸரைக் கொண்டுபோக முடியாது. 25 டிகிரி ரூமில் 70 காட்டுகிற மிஷின், 36 டிகிரி ரூமில் 81 காட்டும். 100-ஐ ஒட்டிப் போனால் பெரும்பாலான சிப்புகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்புறம் நீங்கள் ஏற்றியதற்குப் பலனே இல்லை. வோல்டேஜைத் தேவைக்கு மேல் கொடுக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். வேகம் 10 சதவீதம், வோல்டேஜ் 10 சதவீதம் ஏற்றினால் சூடு 33 சதவீதம் ஏறும், ஏனென்றால் வோல்டேஜ் இரண்டு தடவை பெருக்கலில் வருகிறது. அதே வேகத்தை எவ்வளவு குறைந்த வோல்டேஜில் நிறுத்த முடிகிறது என்று தேடுவதில்தான் கைத்திறமையே இருக்கிறது.

அப்புறம் உப்புக் காற்று. உங்கள் வீட்டு கேட்டைத் தின்கிற அதே காற்றுதான் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவிலும் போகிறது, ஈரத்தூசி பசை மாதிரி அப்பிக்கொள்ளும். மாதம் ஒரு முறை பிரஷ் போட்டுத் தட்டுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் இருக்கிற பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு ஒரு பட்டாணி அளவு புதிதாக வையுங்கள். ராம் குச்சியைக் கழற்றி, அந்தத் தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டுங்கள். பாதி 'ஓவர்க்ளாக் நிக்கல' புகார் இதிலேயே தீரும். ஸ்கோர் போட உட்காருவது விடியற்காலை 4 மணிக்கு, முடிந்தால் மார்கழியில்.

லேப்டாப்பில் செய்யலாமா?
(மணலி வாசகர்)

வேண்டாம். பெரும்பாலும் வேகத்தை ஏற்ற முடியாதபடி பூட்டித்தான் வருகிறது, பூட்டாமல் வந்தாலும் அந்த ஒல்லி உடம்பில் சூடு போக வழியில்லை. டெஸ்க்டாப் புதிதாக வாங்குவதானால், இன்டெல்லில் பெயரின் கடைசியில் 'கே' உள்ள பிராசஸரும் 'இசட்' வரிசை போர்டும் சேர்ந்தால்தான் பெருக்கியை ஏற்ற முடியும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவை பூட்டாதவை, ஆனால் போர்டு 'பி' வரிசையாவது இருக்க வேண்டும்.

திரவ நைட்ரஜன் கிடைக்க வழி இருக்கிறது. பத்து லிட்டர் வாங்கி எங்கள் ரூமிலேயே நாலு நண்பர்கள் சேர்ந்து ஊற்றிப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். டிப்ஸ் ப்ளீஸ்.
(எண்ணூர் வாசகர்)

தம்பி, இதை இரண்டு தடவை படி. கதவைச் சாத்திய ரூமில் ஊற்றாதே.

ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயு. பத்துக்குப் பத்து ரூம், பத்தடி உயரம் என்றால் மொத்தக் காற்றே 28,000 லிட்டர் சொச்சம்தான். நீ பத்து லிட்டரையும் ஊற்றி முடிக்கும்போது 7,000 லிட்டர் நைட்ரஜன் உள்ளே வந்திருக்கும், இருந்த காற்று வெளியே தள்ளப்பட்டிருக்கும், 21 சதவீதம் இருந்த ஆக்ஸிஜன் 16, 17-க்கு இறங்கியிருக்கும். கேன் கவிழ்ந்தாலோ ரூம் இன்னும் சின்னதாக இருந்தாலோ அதற்கும் கீழே. 10-க்குக் கீழே போனால் ஆள் நினைவில்லாமல் விழுவார். மூச்சு முட்டினால் தெரியாதா என்று கேட்பாய். தெரியாது. மூச்சு முட்டுகிற உணர்வு உடம்பில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறினால்தான் வரும், ஆக்ஸிஜன் குறைவதை உடம்பு அப்படிச் சொல்லாது. 2023 டிசம்பரில் உங்கள் ஊரில் அம்மோனியா கசிந்த ராத்திரி நினைவிருக்கும், நெடி மூக்கில் ஏறியதால் பெரியகுப்பம் பக்கம் ஜனங்கள் எழுந்து வெளியே ஓடினார்கள். நைட்ரஜனுக்கு நெடியே கிடையாது.

செய்தே தீருவேன் என்றால் மொட்டை மாடி, பக்கத்தில் விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர், முகத்துக்கு ஷீல்டு, ஷூ, தளர்வாகக் கழற்றக்கூடிய கையுறை. மூடி இறுக்கிய பிளாஸ்க்கில் ஒருநாளும் அடைக்காதே, வெடிக்கும். பிராசஸர் மேல் வைத்து நைட்ரஜன் ஊற்றுகிற, மைனஸ் 196 டிகிரியில் இருக்கிற செம்புப் பாத்திரத்தைச் சுற்றி நம் ஊர்க் காற்று நீராகக் கொட்டும். சென்னையில் வருஷத்தின் பல மாதங்கள் 25 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே போனாலே எதன் மேலும் வியர்க்கும், ஐஸ் தண்ணீர் டம்ளரைப் பார்த்தாலே தெரியும். அதனால் பாத்திரத்தைச் சுற்றி ஃபோம், போர்டு மேல் வேஸ்லின், சந்துகளில் டிஷ்யூ பேப்பர் என்று மணிக்கணக்கில் பொதிந்துவிட்டுத்தான் ஆட்கள் முதல் சொட்டையே ஊற்றுகிறார்கள். இதெல்லாம் காற்றிலும் தண்ணீரிலும் ஒரு வருஷம் ஓட்டிய பிறகு. இப்போது வேண்டாம் என்பதே என் பதில்.

ஸ்கோரை யாரும் போட்டோஷாப்பில் மாற்றி அனுப்பலாமே? எப்படி நம்புவது?
(பெரம்பூர் வாசகர்)

நல்ல கேள்வி. பிராசஸர், ராம் விவரம் காட்டுகிற சீபியு-இசட் ஜன்னல்களோடு ஸ்கோர் ஒரே படத்தில் இருக்க வேண்டும், அந்த வேகத்துக்கு அந்த நேரம் பொருந்துகிறதா என்று பழகிய கண்கள் பார்த்தவுடன் சொல்லிவிடும். ஆனால் பெரிய தலைவலி ஆளிடம் இல்லாமல் கடிகாரத்திடமே வந்தது. 2013-இல் விண்டோஸ் 8 ஓடிக்கொண்டிருக்கும்போதே பேஸ் கிளாக்கை, அதாவது போர்டின் அடிப்படை வேகத்தை, மாற்றினால் விண்டோஸின் நேரக் கணக்கே பிசகுகிறது என்று கண்டுபிடித்தார்கள். ரேஸ் நடுவரின் ஸ்டாப் வாட்ச் மெதுவாக ஓடினால் எல்லா வண்டியும் வேகமாகத்தானே தெரியும்? அந்த மாதிரி. ஏமாற்ற நினைக்காதவனுக்கும் பொய்யான ஸ்கோர் வரும். அந்த ஆகஸ்ட் மாதமே விண்டோஸ் 8-இல் ஓட்டிய ஸ்கோர்களை ஏற்பதில்லை என்று ஹெச்டபிள்யூபாட் அறிவித்தது. எத்தனையோ பேர் ராத்திரி கண் விழித்து எடுத்த நேரம் அதில் போனது, ஆனாலும் அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். இப்போது நேரத்தைத் தனியாகச் சரிபார்க்கிற பெஞ்ச்மேட் என்ற புரோகிராம் இருக்கிறது, அதற்குள் வைத்து ஓட்டுங்கள்.

உலக சாதனை எவ்வளவு? நம்மைப் போன்றவர்கள் தொட முடியுமா?
(திருவொற்றியூர் வாசகர்)

ஏஎம்டியின் எஃப்எக்ஸ்-8370 சிப்பை 2014-இல் 8,722 மெகாஹெர்ட்ஸ் ஓட்டியதுதான் எட்டு வருஷம் அசையாமல் நின்ற சாதனை. 2022 டிசம்பரில் எல்மோர் என்ற பெயரில் போட்டியிடுகிற ஸ்வீடன்காரர் இன்டெல் ஐ9-13900கே-வை 9,008-க்குக் கொண்டுபோனார், அதற்கு நைட்ரஜன் போதாமல் மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியம் ஊற்றினார்கள். அதற்குப் பிறகும் ஏறியிருக்கிறது. அந்த வேகம் சில நொடிதான் நிற்கும், சிப்பும் லேசுப்பட்ட சிப் இல்லை. ஒரே பெட்டியில் வந்த ஒரே மாடலில் ஒன்று ஏறும், ஒன்று ஏறாது, கேரம் கடையில் நாலைந்து ஸ்ட்ரைக்கரைத் தட்டித் தட்டிப் பார்த்து ஒன்றை எடுப்பது மாதிரி அவர்கள் பல சிப்புகளைச் சோதித்து ஒன்றைப் பொறுக்குகிறார்கள். அந்தச் செலவு நமக்கு ஆகாது. ரிச்சி தெருவில் பழைய பிராசஸர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அந்த மாடலின் வரிசையில் மேலே ஏறுவது நம் கையில் இருக்கிறது.

நீங்கள் எவ்வளவு எடுத்திருக்கிறீர்கள்?
(கொடுங்கையூர் வாசகர்)

என்னிடமும் ஒரு இ8400 உண்டு. கம்பெனி வேகத்தில் சூப்பர் பை பத்து லட்சம் இலக்கத்துக்கு 15 விநாடி சொச்சம். 3.6-இல், சாதாரண ஹீட்சிங்கோடு, ஒரு மார்கழி விடியலில், எதிர்வீட்டில் கோலம் போட வாசல் தெளிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது 13-க்குக் கீழே இறங்கியது. வியாசர்பாடித் தம்பி 400 பஸ்ஸைத் தொட்டதும் தன் நேரத்தை எழுதி அனுப்பட்டும், அடுத்த இதழில் போடுகிறேன்.