கடல்காற்று பார்த்துக் கிளம்புங்கள்

கோடை விடுமுறை: வாசகர் கேள்விகள்

கேள்வி (வாசகி, கொளத்தூர்): பிள்ளைகளுக்கு 7 வயது, 10 வயது. செலவில்லாத இடம் என்று மெரினாவுக்குக் கூட்டிப்போனால், அரை மணியில் "சுடுதும்மா" என்று திரும்பிவிடுகிறார்கள். எந்த நேரம் சரி?

பதில்: நான்கு மணிக்குப் போயிருப்பீர்கள். பகலெல்லாம் காய்ந்த மணல் அப்போது ஆறியிருக்காது. மே மாதம் 5.45 வாக்கில் சூரியன் உதிக்கிறது. அதற்கு முன்பே மணலில் இருங்கள், 7.30க்குக் கிளம்பிவிடுங்கள். மாலை என்றால் 5.30க்கு மேல், அதுவும் கடல்காற்று வந்த நாளில் மட்டும்.

தரை சூடேறினால் அங்கிருக்கும் காற்று மேலே எழும்பும், அந்த இடத்துக்குக் கடல் மேலிருக்கும் குளிர்ந்த காற்று வரும். வழக்கமாக இது நண்பகலை ஒட்டி நடக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் மேற்குக் காற்று வலுத்துவிட்டால் மூன்று மணி தாண்டியும் வராது. மொட்டை மாடியில் காயும் துணியைப் பாருங்கள். மேற்குப் பக்கமாகப் பறந்தால் கடல்காற்றுதான். கொளத்தூருக்கே வந்துவிட்டது என்றால் கடற்கரைக்கு முன்பே வந்திருக்கும். சாதாரணக் கட்டணப் பேருந்தில் ஏறுங்கள், பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். மெரினாவில் குளிக்கத் தடை இருப்பது சும்மா அல்ல. கரையை ஒட்டியே சட்டென்று ஆழமாகிவிடும், திரும்பும் அலை காலடி மணலை அரித்துக்கொண்டு இழுக்கும். விடியற்காலையில் காற்று பெரும்பாலும் தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால், தண்ணீரில் விழுந்த பந்து கரைக்குத் திரும்பாது. அதன் பின்னால் ஓடும் பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும். காலையில் பந்து வேண்டாம்.

கேள்வி (வாசகர், வியாசர்பாடி): போன வருடம் வீட்டில் செய்த காத்தாடி சுற்றிச் சுற்றி விழுந்தது. மாஞ்சா போடாததாலா?

பதில்: இல்லை. மாஞ்சா அடுத்த காத்தாடியை அறுப்பதற்கு, பறப்பதற்கு அல்ல. வண்டியில் போகிறவர் கழுத்தையும் அறுத்துவிடுகிறது என்பதால்தான் போலீஸ் தடை செய்திருக்கிறார்கள். சாதாரணப் பருத்தி நூல் 50 மீட்டர் போதும்.

கோளாறு அநேகமாக வில்லில், அதாவது குறுக்கே வளைத்து ஒட்டும் குச்சியில் இருக்கும். துடைப்பத்து ஈர்க்குச்சி ஒரு முனையில் தடிமன், மறு முனையில் மெல்லிசு. வளைத்தால் மெல்லிய பக்கம் அதிகம் வளையும், காத்தாடி ஒரு பக்கமே சாயும். இரண்டு ஈர்க்குச்சியைத் தலைமாற்றி வைத்து, நான்கு இடத்தில் நூலால் கட்டுங்கள். வளைவு சமமாகிவிடும்.

செய்தித்தாளை விரித்து 50 செ.மீ. சதுரமாக வெட்டுங்கள். மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு 70 செ.மீ. நேர்க்குச்சி. வில்லுக்கு 80 செ.மீ.; இரு முனையும் பக்கத்து மூலைகளில், நடுப்பகுதி மேல் மூலையிலிருந்து 20 செ.மீ. கீழே நேர்க்குச்சியைத் தொடவேண்டும். மைதாப் பசை கெட்டியாக இருக்கட்டும். தண்ணியாக இருந்தால் காகிதம் ஊறிக் கிழியும்.

அடுத்தது சூத்திரம் (பறக்கவிடும் நூலைக் காத்தாடியோடு இணைக்கும் இரட்டை நூல்), பொறுமை வேண்டிய இடம். குச்சிகள் குறுக்கிடும் இடத்தில் ஒரு கட்டு, கீழ் மூலையிலிருந்து 20 செ.மீ. மேலே இன்னொன்று. இரண்டு நூலும் சேரும் முடிச்சில், மேல் நூல் கீழ் நூலைவிட ஒரு விரற்கடை குட்டையாக இருக்கட்டும். காத்தாடி மேலே ஏறாமல் மல்லாந்து கனமாக இழுத்தால் மேல் நூலை இன்னும் குட்டையாக்குங்கள். படபடவென்று அடித்துத் தலைகுப்புற விழுந்தால் நீளமாக்குங்கள். வலப்பக்கமே சாய்ந்தால் இடது முனையில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டுங்கள். சின்னப் பிள்ளைகள் விடுவதற்கு 2 மீட்டர் காகித வால் கட்டினால் ஆட்டம் அடங்கும்.

கடல்காற்றில் காத்தாடி சாலைப் பக்கம்தான் போகும். அதனால் அலை ஓரத்தில், கடலுக்கு முதுகு காட்டி நின்று விடுங்கள்.

கேள்வி (வாசகி, ஆவடி): பதினோரு மணிக்கு மேல் எங்கே போவது?

பதில்: கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010இல் திறந்தது, முதல் தளத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. உட்கார்ந்து படிக்கக் காசில்லை.

கேள்வி (வாசகர், அடையாறு): ஆமைக் குஞ்சு கடலுக்குப் போவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா?

பதில்: ஏப்ரலில் முடியும். பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் மார்ச் வரை அதிகமாகக் கரையேறி, குழிக்குச் சுமார் நூறு முட்டை இடுகின்றன. பொரிக்க 45 முதல் 60 நாள். பெசன்ட் நகர் கடற்கரையில் வனத்துறையின் பொரிப்பகம் இருக்கிறது. பொரிப்பு நாள் மணலின் சூட்டைப் பொறுத்து முன்பின் ஆகும் என்பதால், மாலை 5 மணிக்கே போய் அங்கிருப்பவர்களிடம் கேளுங்கள். குஞ்சு வெளிச்சம் அதிகமான பக்கம்தான் நகரும். இருட்டில் கடல்பக்கம்தான் அதற்கு வெளிச்சம். ஒரு கைப்பேசி டார்ச் போதும், ஊர்ப்பக்கம் திரும்பிவிடும். எனவே ஃபிளாஷும் வேண்டாம். அங்கே கட்டியிருக்கும் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள்: ஈர மணலில் நம் காலடிப் பள்ளம் குஞ்சுக்குக் கிணறு மாதிரி.